எவ்வளவு காலமாக?

(வானொலி ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



சேர்வராயன் மலையில் மூடுபனி இறங்கியிருந்த ஒரு ஞாயிறு காலை. நற்செய்தி வாசகம் முடிந்து மறையுரை தொடங்கிய வேளையில், கோவிலின் பின்வரிசையில் ஒரு சிறுவன் உரக்கக் கத்தத் தொடங்கினான். ஒன்பது வயதிருக்கும். அவனுக்குப் பேச்சு வராது. கூட்டமும் ஒலிபெருக்கிச் சத்தமும் அவனுக்குத் தாங்கவில்லை. முன்வரிசைகளிலிருந்து தலைகள் திரும்பின. தாய் அவனை இழுத்துக்கொண்டு வெளியே போய், முற்றத்தில் இருந்த சில்வர் ஓக் மரத்தடியில் நின்றுகொண்டார். மீதித் திருப்பலியை அங்கே நின்றபடியே கேட்டார். நற்கருணை வாங்க மட்டும் உள்ளே வந்தார், அதுவும் மகனின் கையை விடாமல்.

எல்லாரும் கலைந்து போனபின் அவர் எங்களிடம் வந்தார். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர். "சாமி, ஒண்ணு கேக்கணுமுங்க, திட்டக்கூடாது" என்று தொடங்கினார். "ராத்திரியெல்லாம் இவன் தூங்காம கத்தும்போது, இவன் பொறக்காமயே இருந்திருக்கலாம்னு தோணுதுங்க. பெத்தவளுக்கு இப்படித் தோணலாமா? இது பெரிய பாவமுங்களா?"

குருக்களாகிய நாங்கள் அன்று செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கால்மணி நேரம் அவருக்கு அறிவுரை சொன்னோம். யோபுவின் பொறுமையைச் சொன்னோம். வியாகுல அன்னையின் ஏழு துயரங்களைச் சொன்னோம். பிள்ளை கடவுளின் கொடை என்றோம், சிலுவையைச் சுமப்பவருக்கு ஆண்டவர் துணையிருப்பார் என்றோம். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்தத் தாய் தலைகுனிந்து கேட்டார், "சரிங்க சாமி" என்றார், போய்விட்டார். அதற்குப்பின் பல ஞாயிறுகள் அவர் கோவிலுக்கு வரவில்லை.

வெகு நாள்களுக்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தக் கால்மணி நேரத்தில் நாங்கள் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. கடைசியாக அவர் ஒரு முழு இரவு தூங்கியது எப்போது, வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள், பையனை யாரிடமாவது காட்டினார்களா, எதையுமே கேட்கவில்லை.

அன்பர்களே, மாற்கு நற்செய்தியின் 9ம் பிரிவில் நம் ஆண்டவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். இயேசு உருமாறிய மலையிலிருந்து இறங்கி வருகிறார். கீழே ஒரு தந்தை, வலிப்பு வந்து விழும் தன் மகனைச் சீடர்களிடம் கொண்டுவந்திருக்கிறார். சீடர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்நேரத்தில் அங்கே நடந்துகொண்டிருந்தது என்ன? மறைநூல் அறிஞர்களும் சீடர்களும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிள்ளை, பக்கத்தில் பரிதவிக்கும் அப்பா, சுற்றிலும் விவாதம்! சிறுவன் தரையில் விழுந்து புரளும்போது இயேசு முதலில் அந்தத் தந்தையின் பக்கம் திரும்பி, இவனுக்கு இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்கிறார். எல்லாம் அறிந்தவருக்கு இந்தக் கேள்வி எதற்கு? தந்தை மனம் திறந்து சொல்கிறார். சிறு வயது முதல் இப்படித்தான் என்கிறார், நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்த நாள்களைச் சொல்கிறார். எத்தனை ஆண்டுகள் ஓடி ஓடிப் பிடித்திருப்பார்! பிறகு உதவி கேட்கிறார். கேட்கும்போது, என் மகனுக்கு உதவும் என்று அவர் சொல்லவில்லை. எங்கள்மேல் இரக்கப்பட்டு எங்களுக்கு உதவும் என்ற பொருளில் பன்மையில் கேட்கிறார். நோய் மகனுக்கு, உதவி தேவைப்பட்டது இருவருக்கும். தன் நம்பிக்கை குறைவுள்ளது என்பதையும் அந்த மனிதர் அழுதுகொண்டே அங்கேயே சொல்லிவிடுகிறார். ஆண்டவர் அதற்காக அவரைக் கடிந்துகொண்டதாக நற்செய்தியில் இல்லை.

இந்த மலையில் அப்படிப்பட்ட தந்தையரும் தாய்மாரும் எத்தனை பேர்? எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் ஒவ்வொரு பாதையிலும் ஒருவர் நிற்கிறார்.

தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். காப்பி பழுக்கும் மாதங்களில் விடிந்ததும் இறங்கினால் இருட்டும்போதுதான் வீடு. கைக்குழந்தை பாட்டியின் பொறுப்பில், அல்லது மரக்கிளையில் கட்டிய தூளியில். வேலை முடிந்து உடம்பெல்லாம் வலியோடு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, படிக்காமல் அடம்பிடிக்கும் பிள்ளையின் முதுகில் இரண்டு வைத்துவிட்டு, அவன் தூங்கியபின் அந்த முதுகைத் தடவிக்கொண்டு அழும் அம்மாக்களை நமக்குத் தெரியும். மலைக்கிராமங்களில் வாழும் மலையாளி மக்களுக்கோ, பிள்ளைக்கு ஏதேனும் குறை என்றால் சேலத்துக்கு ஒருமுறை போய்வருவதே ஒரு நாள் கூலியையும் பேருந்துக் காசையும் தின்றுவிடும்.

மறுபக்கத்தில், கீழே சமவெளியிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் விட்டுச் செல்லும் பெற்றோர். ஏற்காடு பள்ளிகளின் ஊர். திரு இருதய கன்னியர் மடப் பள்ளி 1894ம் ஆண்டிலிருந்தும், மான்போர்ட் பள்ளி 1917ம் ஆண்டிலிருந்தும் இங்கே உள்ளன. தலைமுறை தலைமுறையாகப் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். ஜூன் மாதத்தில் பேருந்து நிலையத்துப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளை அழாமல் உள்ளே போய்விடும். பெற்றோர்தான் அந்த இருபது கொண்டைஊசி வளைவுகளையும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்குவார்கள். 'பணம் இருக்கிறது, பிள்ளையை நல்ல பள்ளியில் போட்டிருக்கிறார்கள், இவர்களுக்கு என்ன கவலை' என்று நாம் நினைக்கிறோம். நான் நல்ல தாயாக இருந்திருந்தால் இவனை என்னோடு வைத்திருப்பேனே என்ற குத்தல் அவர்களை விடாது. தோட்டத் தொழிலாளிக்கும் காரில் வந்து இறங்குகிறவருக்கும் இந்த ஒரு குத்தல் பொதுவாக இருக்கிறது. இரண்டு பேரும் அதை யாரிடமும் சொல்வதில்லை.

தந்தையரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் இன்னும் குறைவாகத்தான் பேசுகிறார்கள். மகன் சொல் கேட்கவில்லை என்ற வருத்தத்தை அப்பா நேரே சொல்லமாட்டார். அது மதுக்கடை வழியாகக் கோபமாக வீட்டுக்கு வந்து சேரும். மாற்கு நற்செய்தியில் கூட்டத்தின் நடுவே அழுது உதவி கேட்டவர் ஓர் ஆண் என்பதை நம் அன்பியக் கூட்டங்களில் அடிக்கடி நினைவூட்டலாம்.

விவிலியத்தில் இன்னொரு இடமும் உண்டு. நாம் அதிகம் வாசிக்காத எண்ணிக்கை நூல், 11ம் பிரிவு. பாலைநிலத்தில் மக்கள் இறைச்சி வேண்டுமென்று அழுகிறார்கள். மோசே களைத்துப்போய் ஆண்டவரிடம் முறையிடுகிறார். இந்த மக்களையெல்லாம் நானா கருத்தரித்தேன், நானா பெற்றேன், பாலூட்டுகிறவள் பிள்ளையைத் தூக்கிச் சுமப்பதுபோல் இவர்களை நான் எப்படிச் சுமப்பேன் என்று கேட்கிறார். அத்தோடு நிற்காமல், என்னைக் கொன்றுவிடும் என்றும் சொல்லிவிடுகிறார். தோட்டத்துத் தாய் எங்களிடம் சொன்னதைவிட இது கடுமையான பேச்சு. கடவுள் மோசேக்குப் பொறுமையைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தவில்லை. மூப்பர்களில் 70 பேரைக் கூட்டிவா, அவர்கள் உன்னோடு சேர்ந்து சுமப்பார்கள் என்றார். பாரம் குறையவில்லை, மக்களும் மாறிவிடவில்லை. சுமப்பவர்களின் எண்ணிக்கைதான் ஒன்றிலிருந்து 71 ஆனது.

இது எப்படி மருத்துவம் ஆகும் என்று கேட்கலாம். நம் தமிழ்நாட்டிலேயே, இந்த மலையிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் இருக்கும் வேலூரில், அது மருத்துவமாகத்தான் நடந்துவருகிறது. அதற்கு முன் ஒரு சிறு வரலாறு.

1950களில் பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில் வித்யா சாகர் என்றொரு மனநல மருத்துவர் இருந்தார். மனநல மருத்துவமனை என்றால் உயர்ந்த மதிலும் பூட்டிய கதவும் என்றிருந்த காலம். அவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு அவர்களின் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். குடும்பத்தார் நோயைப் புரிந்துகொண்டார்கள், மருத்துவரோடும் ஒருவரோடொருவரும் பேசினார்கள். பல நோயாளிகள் வீடு திரும்பினார்கள். இதே வழியை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் தேர்ந்துகொண்டது. பாகாயத்தில் இருக்கும் அதன் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்குவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். அங்கே குழந்தைகளுக்கான பிரிவும் இருக்கிறது, நம்பிக்கை நிலையம் என்று பெயர். மூளை வளர்ச்சி, பேச்சு, நடத்தை ஆகியவற்றில் சிரமமுள்ள பிள்ளைகளைப் பெற்றோரோடு சேர்த்து ஏற்றுக்கொள்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்வாருங்கள் என்று சொல்வதில்லை. பெற்றோரே சிகிச்சை தருபவர்களாகப் பயிற்சி பெறுகிறார்கள்.

இந்த வேலூர் குழுவைச் சேர்ந்த மருத்துவர் பால் ரசலும் அவருடைய தோழர்களும் செய்த ஓர் ஆய்வு 1999ம் ஆண்டு பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. மறையுரை ஆற்றுகிற எங்களுக்கு அதை வாசிப்பது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. ஏன் என்று சொல்கிறோம். அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேர் அதில் பங்கேற்றார்கள். குலுக்கல் முறைபோல அவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் 10 வாரங்கள். ஒரு பிரிவினருக்கு வல்லுநர்கள் விரிவுரை ஆற்றினார்கள். மற்றப் பிரிவினர் குழுவாக அமர்ந்து கலந்துரையாடினார்கள். முடிவில் பெற்றோரின் மனப்பான்மையை அளந்து பார்த்தார்கள். பிள்ளையை வளர்ப்பது குறித்த மனப்போக்கிலும், பிள்ளையின் குறைபாட்டை எப்படிக் கையாள்வது என்பதிலும், ஏன், குறைபாட்டைப் பற்றிய அறிவிலும்கூடக் கலந்துரையாடியவர்களே தெளிவாக முன்னேறியிருந்தார்கள். விரிவுரை கேட்டவர்களைவிட, பேசியவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள்!

காரணத்தைத் தேட வெகு தூரம் போகவேண்டாம். நாள் முழுதும் தன்னைத்தானே குற்றம்சாட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அறிவுரை சொல்லுங்கள். எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், 'நீ இதைச் செய்யவில்லை' என்றுதான் அவர் காதில் விழும். களைத்த மனதில் புதிய செய்தி ஏறாது. அதே ஆள், தன்னைப்போலவே நடு இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உலாவும் இன்னொரு தாயைச் சந்திக்கட்டும். "எனக்கும் அப்படித் தோணியிருக்கு" என்று அவள் சொன்னால் போதும், நெஞ்சுக்குள் பூட்டியிருந்தது திறந்துகொள்ளும். அதன்பின், "எங்க பையனுக்குச் சாயங்காலம் தண்ணி ஊத்திவிட்டா கொஞ்சம் அடங்குவான்" என்று அவள் சொல்லும் சின்ன விவரம் பாடமாக உள்ளே இறங்கும். அதே விவரத்தை மருத்துவரோ குருவோ சொல்லியிருந்தால் கேட்டுவிட்டு மறந்திருப்பாள்.

வானொலியில் பேசுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. டொனால்ட் வின்னிகாட் என்ற இலண்டன் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வும் கற்றவர், 1940களிலிருந்து பல ஆண்டுகள் பி.பி.சி. வானொலியில் தாய்மாருக்காகப் பேசிவந்தார். குறையே இல்லாத தாய் பிள்ளைக்குத் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் இருந்தால் போதும் என்பது அவருடைய புகழ்பெற்ற கருத்து. எல்லாவற்றையும் உடனுக்குடன் நிறைவேற்றும் தாயிடம் வளரும் பிள்ளை உலகத்தைக் கற்றுக்கொள்ளாது, அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தவறுவதிலிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். ஒரு தாய்க்குத் தன் குழந்தைமேல் வெறுப்பும் வருவதுண்டு, அதற்குப் பல நியாயங்கள் உண்டு என்று 1949ம் ஆண்டிலேயே எழுதியவரும் அவர்தான். 1960ம் ஆண்டில் அவர் வேறொன்று செய்தார். பிள்ளை வளர்ப்பில் எரிச்சலூட்டுபவை எவை என்று தாய்மாரே தங்களுக்குள் பேசிக்கொண்டதைப் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். அவர் தம் கருத்தை அதை ஒட்டியே சொன்னார். நாமும் ஒருநாள் அப்படிச் செய்தால் இந்த நிகழ்ச்சி இன்னும் நன்றாக இருக்கும் என்று தயாரிப்பாளரிடம் சொல்லியிருக்கிறோம், பார்ப்போம்.

பிள்ளைக்குக் குறைபாடு இருந்தால்தான் பெற்றோருக்கு மனத்துயர் வரும் என்று எண்ணிவிடவேண்டாம். நல்ல உடல்நலத்தோடு பிறந்த குழந்தையின் தாய்க்கும் வரும். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிப் பெண்களைக் கடைசி மாதங்களிலும், பேறுகாலத்துக்குப்பின் 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் சந்தித்து ஆய்வு செய்தார்கள். 2002ம் ஆண்டு அது வெளியானது. குழந்தை பிறந்தபின் புதிதாக மனச்சோர்வு நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். எவரெவருக்கு அந்த ஆபத்து அதிகம் என்றும் பார்த்தார்கள். குறைந்த வருமானம், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் சுமுகமில்லாத உறவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்தபோது பெண் பிறந்தது, வீட்டு வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாமை, இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. இதை வாசித்தபோது ஞானஸ்நான விருந்துகளில் நாம் பேசும் பேச்சுகள் எங்கள் நினைவுக்கு வந்தன. "அடுத்தது பையனாப் பொறக்கும்" என்று பச்சை உடம்புக்காரியிடம் ஆறுதலாகச் சொல்கிறோமே, அது ஆறுதலா?

அதே பட்டியலில் மருந்தும் இருக்கிறது. கைகொடுக்க ஆள் இல்லாமை ஒரு காரணமென்றால், கைகொடுப்பது ஒரு சிகிச்சை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் அதைச் செய்து பார்த்தார்கள். பெரிய மருத்துவர்கள் யாரும் போகவில்லை. கிராமத்துச் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு கண்ட தாய்மாரை வீடு தேடிப்போய்ச் சந்தித்துப் பேசவைத்தார்கள். 2008ம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, அப்படிச் சந்திக்கப்பட்ட தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. பயிற்சி பெறாத பணியாளர்கள் வழக்கம்போலச் சென்றுவந்த தாய்மாரில் அது 53. தாயின் மனம் தெளிந்த வீடுகளில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது, தடுப்பூசிகளும் தவறாமல் போடப்பட்டிருந்தன.

ஆனால், அன்பர்களே, எல்லாமே பேசித் தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் மனம் இருண்டு கிடப்பது, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமை, பசியின்மை, பிள்ளையைக் கண்டாலே எந்த உணர்வும் எழாமை, இவை இருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். செத்துப்போகலாம் என்றோ, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றோ எண்ணம் வந்தால் அன்றைக்கே போகவேண்டும். பிள்ளை பெற்ற சில நாள்களில் ஒரு தாய் சம்பந்தமில்லாமல் பேசுவது, இல்லாத குரலைக் கேட்பது, தூங்காமல் பரபரப்பது ஆகியவற்றைக் கண்டால் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள், எங்களிடம் ஜெபிக்கக் கூட்டிவந்துவிட்டு அதோடு நிறுத்தியும் விடாதீர்கள். அது மருத்துவமனைக்கு ஓடவேண்டிய நேரம். ஜெபத்தை நாங்கள் மருத்துவமனைக்கே வந்து செய்கிறோம்.

மனநல மருத்துவரிடம் போனால் நம்பிக்கை இல்லாதவர் என்று ஊர் சொல்லுமோ? மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களே, அர்ஜென்டினாவில் குருவாக இருந்தபோது, தம் 42வது வயதில், ஒரு யூதப் பெண் உளப்பகுப்பாய்வாளரிடம் வாரம் ஒருமுறையாக ஆறு மாதங்கள் சென்றுவந்ததாகவும், சில விடயங்களில் தெளிவு பெற அது தமக்கு மிகவும் உதவியதாகவும், 2017ம் ஆண்டு வெளியான ஒரு நேர்காணல் நூலில் வெளிப்படையாகச் சொன்னார். தனித்தேவையுள்ள பிள்ளையை அன்போடு ஏற்றுக்கொள்ளும் குடும்பங்களை, 2016ம் ஆண்டின் 'அன்பின் மகிழ்வு' திருத்தூது அறிவுரையில் அவர் மனமாரப் போற்றியிருக்கிறார். போற்றியதோடு நாம் நின்றுவிட்டால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன பயன் என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மலையில் இருப்பவர்கள் முதலில் செய்யக்கூடியது ஒரு தொலைபேசி அழைப்பு. 14416 என்ற எண். 2022ம் ஆண்டு அக்டோபர் முதல் நாடெங்கும் இயங்கும் 'டெலி மானஸ்' சேவை அது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். நேரில் காட்ட சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகிறவர் தனியாகப் போகவேண்டாம், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரும், பேருந்தில் கூடப்போக ஒருவரும் அன்பியத்திலிருந்து கிடைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

அன்பியம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. பாகாயத்தில் மருத்துவர்கள் ஏற்பாடு செய்த அந்த வட்டம் நம் பங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. மாதந்தோறும் ஒரு வீட்டில் கூடுகிறோம், பாய் விரிக்கிறோம், விவிலியம் வாசிக்கிறோம், தேநீர் குடிக்கிறோம். ஆனால் நம் கூட்டங்களில் பெரும்பாலும் ஒருவர் பேச மற்றவர் கேட்பதாகவே முடிந்துவிடுகிறது, பேசுகிறவர் பல நேரங்களில் நாங்களேதான். ஒரு கூட்டத்தைப் பெற்றோருக்கென்று ஒதுக்கிப் பாருங்கள். ஆற்றுப்படுத்தும் பணியில் பயிற்சி பெற்ற அருள்சகோதரி ஒருவர் கிடைத்தால் நல்லது. அவரும் கேள்விதான் கேட்கவேண்டும். அங்கே சொன்னது அங்கேயே இருக்கவேண்டும், மறுநாள் காலை குழாயடியில் அது பேசப்பட்டால் அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளை இளையோர் இயக்கத்தினர் வெளியில் விளையாட்டுக் காட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். மாமியார்களையும் அழையுங்கள், அவர்களும் ஒருகாலத்தில் யாரும் கேட்காமல் பிள்ளை வளர்த்தவர்கள்தாம்.

அந்தத் தாயைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் வீட்டை நாங்கள் தேடிப்போனோம். இம்முறை அறிவுரை எதுவும் கொண்டுபோகவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "எவ்வளவு காலமாம்மா இப்படி?" என்று மட்டும் கேட்டோம். அவர் பேச ஆரம்பித்தபோது பனி விலகியிருக்கவில்லை. முடித்தபோது மதிய வெயில் முற்றத்தில் விழுந்திருந்தது. நடுவில் இரண்டுமுறை சிறுவன் கத்தினான், ஒருமுறை எங்கள் காப்பியைத் தட்டிவிட்டான். அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் தந்த பதில் ஒரு வரிதான். அது பாவமில்லை, களைப்பு, என்றோம். அவர் அன்பியத்தைச் சேர்ந்த இன்னொரு பெண் அடுத்த வாரம் அவரோடு சேலத்துக்குப் பேருந்து ஏறினார்.

பையன் இன்னும் கத்துகிறான். போன ஞாயிறு மறையுரையின்போதும் கத்தினான். அவர்கள் இப்போது கோவிலின் பக்கவாசலை ஒட்டிய பெஞ்சில் அமர்கிறார்கள், வேண்டும்போது வெளியே போய்வர அது வசதி. தாய் எழுந்தபோது, பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர், "நீ உக்காரு தாயி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பையனின் கையைப் பிடித்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனார்.